அடுத்த அடி விழும்வரை

பிப்ரவரி 11, செவ்வாய்

பல் டாக்டர் வீட்டு முன்னறைக்கு ஐந்து ஜன்னல். ஐந்தும் ஐந்து அளவு. கட்டியவர் கண்ணை மூடிக்கொண்டு கட்டியிருப்பார் போல. தரையைத் தொடுகிற மாதிரி கனத்த துணியில் திரைச்சீலை கேட்டிருக்கிறார்கள். காற்றில் பறக்காமல் இருக்க அடி ஓரத்தில் ஈயக் கட்டி வைத்துத் தைக்க வேண்டும். நாள் முழுக்கக் கடையில் தையல் மெஷினை விட்டு எழவில்லை. காதில் வழக்கம்போல என் பாட்டு.

முதலாளியம்மா இன்றைக்கு என்ன நினைத்தாரோ, ஒரு பக்கத்து இயர்போனைப் பிடுங்கித் தன் காதில் வைத்துக் கேட்டார். முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது.

"என்னம்மா இது? யாரோ பீரோவை மாடிப்படியில இழுத்துட்டுப் போற மாதிரி இருக்கு. எப்பதான் மேல போய்ச் சேருவாங்க?"

சிரித்துவிட்டேன். பதினான்கு நிமிஷப் பாட்டு அது. அவங்க மேல போய்ச் சேரவே மாட்டாங்கம்மா என்று சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 15, சனி

தம்பியின் ஒத்திகைக்குப் போனேன். பழைய அட்டைப்பெட்டிக் கிடங்கின் மாடி. அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வராமல் இருக்க நாலு சுவருக்கும் இரட்டைத் துணியில் திரை தைத்து மாட்டிக் கொடுத்தவள் நான். அந்த உரிமையில் எனக்கு அங்கே ஒரு நாற்காலி உண்டு.

வாரம் முழுக்க அவன் லிஃப்ட் மெக்கானிக். சனிக்கிழமை சாயங்காலம், தலைதெறிக்கிற வேகத்தில் கத்தி வாசிக்கிற டெத் மெட்டல் குழுவில் டிரம்ஸ். குழுவில் அவனுக்குப் பெயர் மோட்டார். இரண்டு காலாலும் பெடலை மிதிக்க ஆரம்பித்தானென்றால் என் தையல் மெஷின் தோற்றுப்போகும். கிட்டார் வாசிக்கிறவரைக் கொக்கு என்பார்கள். நெட்டை ஆள், எந்நேரமும் ஒரு காலைத் தூக்கி, கிட்டார் ஒலியை மாற்றுகிற பெடல் பலகைமேல் வைத்தபடிதான் நிற்பார்.

நடுவில் டீ குடிக்கும்போது வழக்கமான வம்பு.

"ஆமையெல்லாம் சௌக்கியமாக்கா?" என்றான். நான் கேட்கிற, ஊர்ந்து போகிற டூம் மெட்டலுக்கு அவன் வைத்த பெயர் ஆமை.

"சௌக்கியம். உன் குதிரைக்கு யார் வால்ல நெருப்பு வச்சது?"

"உங்க ஆளுங்க ஒரு அடி அடிச்சிட்டு அடுத்த அடி அடிக்கிறதுக்குள்ள நான் வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு வந்துருவேன்."

கொக்கு டீயைத் துப்பாமல் இருக்கப் படாத பாடு பட்டார்.

கடைசிப் பாட்டில் தம்பியின் வலது கைக் குச்சி நழுவி விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். மறுபடியும் விழுந்தது. வியர்வை என்றான். ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்திருப்பவனுக்கு என்ன வியர்வை?

பிப்ரவரி 20, வியாழன்

டீச்சர் போன் செய்தாள். தம்பி மனைவி. சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வேலை. கல்யாணப் பேச்சு எடுத்த நாளிலிருந்தே எனக்கு அவள் டீச்சர்தான். மற்ற பேச்செல்லாம் முடிந்ததும் கேட்டாள்: "அக்கா, ஒண்ணு கேக்கணும். அவரும் இரைச்சல் கேக்குறார், நீங்களும் இரைச்சல் கேக்குறீங்க. அதுல என்ன உசத்தி தாழ்த்தின்னு ரெண்டு பேரும் இவ்வளவு சண்டை?"

அப்போதைக்கு ஏதோ சொல்லி மழுப்பினேன். இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

அவன் பாட்டில் இருப்பது கோபம். நல்ல கோபம்தான். கதவைப் படாரென்று சாத்துகிற மாதிரி. சாத்தினவனுக்கு மனசு ஆறும். ஆனால் கதவைச் சாத்தியாயிற்று, அதற்கப்புறம்? அறைக்குள் ஒருத்தி தனியாக உட்கார்ந்திருப்பாளே, அவளுக்கு என்ன பாட்டு?

என் கணவர் என்னை விட்டுவிட்டுப் போன அந்த வருஷம் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் எனக்காக அவசரப்பட்டார்கள். "மறந்துடு", "வேற வேலையப் பாரு", "இன்னும் எத்தனை நாளைக்கு?" தம்பிகூட அவன் பாட்டைச் சத்தமாகப் போட்டு "கத்துக்கா, கத்திடு, சரியாயிடும்" என்றான். எனக்குக் கத்த வரவில்லை. அப்போதுதான் கொக்கு ஒரு பென் டிரைவ் கொடுத்தார். "இத நான் முழுசா கேட்டதில்ல. தூக்கம் வந்துரும். உங்களுக்கு ஒத்துக்குமான்னு பாருங்க."

கிட்டார் ஒரே ஒரு முறை ஒலித்தது. அப்படியே விட்டுவிட்டார்கள். அது தேய்ந்து, நடுங்கி, அடியில் கரகரத்து, போய்விட்டதென்று நினைக்கும்போது அடுத்த அடி விழுந்தது. நெஞ்செலும்பில் விழுந்தது. பாடுகிறவன் கத்தவில்லை. எனக்கு முன்பே அழுது முடித்துவிட்ட ஒருவன் பேசுகிற மாதிரி இருந்தது. கேட்கக் கேட்க என் மூச்சு அந்த வேகத்துக்கு இறங்கியது. எழுந்திரு என்று அந்தப் பாட்டு சொல்லவில்லை. நானும் இங்கதான் உட்கார்ந்திருக்கேன் என்றது.

அன்றைக்குத்தான் அழுதேன். அவர் போனதற்கு முதல் தடவையாக.

இதை டீச்சரிடம் போனில் எப்படிச் சொல்வது.

மார்ச் 19, புதன்

தம்பி கடைக்கு வந்தான். லிஃப்ட் வேலை ஒன்றில் போல்ட்டை முறுக்க முடியவில்லையாம். இடது கையால் முறுக்கினானாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற சதை குழிந்துபோயிருக்கிறது. கையைப் பிடித்துப் பார்த்தேன். தோலுக்கு அடியில் என்னமோ துடித்துக்கொண்டே இருந்தது, புழு நெளிகிற மாதிரி.

"டாக்டர்கிட்ட போனியா?"

"எலும்பு டாக்டர்ட்ட போனேன். கழுத்துல நரம்பு மாட்டியிருக்குமாம்."



ஏப்ரல் 8, செவ்வாய்

எலும்பு டாக்டர் நரம்பு டாக்டரிடம் அனுப்பியிருக்கிறார். சதையில் ஊசியைக் குத்திக் கரண்ட் ஓட்டிப் பார்த்தார்களாம். தையல் மெஷினுக்குள்ள கையை விட்ட மாதிரி இருந்துச்சுக்கா என்றான்.

மே 23, வெள்ளி

தம்பி, டீச்சர், நான், மூவரும் நரம்பு டாக்டரிடம் போனோம். டாக்டர் சின்ன வயசு. நல்லவர். பேப்பர் வெயிட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டிக்கொண்டே இருந்தார். அப்போதே தெரிந்துவிட்டது.

மோட்டார் நியூரான் நோய்.

தசையை இயக்குகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே வருமாம். கை, கால், நாக்கு, கடைசியில் மூச்சு. கொஞ்சம் தள்ளிப்போட மருந்து இருக்கிறது. நிறுத்த மருந்து இல்லை. புத்திக்கு ஒன்றும் ஆகாது என்றார். அதை ஆறுதலாகச் சொன்னாரா என்று தெரியவில்லை.

டீச்சர் அவன் சட்டைக் கையைப் பிடித்தவள் விடவே இல்லை.  அவன் என் பக்கம் திரும்பி, "பாத்தியாக்கா? என் பட்டப்பேரையே நோய்க்கு வச்சிட்டாங்க" என்றான்.

டாக்டருக்குப் புரியவில்லை. எங்களுக்குப் புரிந்தது. மூன்று பேரும் சிரித்தோம். கடவுளே, அந்த அறையில் உட்கார்ந்து சிரித்தோம். டீச்சரின் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியதென்று கவனிக்கவில்லை.

மே 24, சனி

அவனுக்கு முப்பத்தாறு வயசு. ஏன்? ஏன் அவன்? அம்மா போனப்புறம் எனக்குன்னு இருக்கிறது அவன் ஒருத்தன். எடுத்துக்கோ, எல்லாத்தையும் எடுத்துக்கோ — அவன் கையை மட்டும் விடேன்.

யாருகிட்ட எழுதிட்டிருக்கேன்?

ஜூன் 3, செவ்வாய்

பாட்டுக் கேட்க முடியவில்லை.

இன்றைக்கு மெஷினில் உட்கார்ந்ததும் பழக்கதோஷத்தில் இயர்போனை மாட்டினேன். எனக்கு ரொம்பப் பிடித்த குழு. முதல் அடி விழுந்ததும் பிடுங்கிப் போட்டுவிட்டேன். குமட்டல் எடுத்தது. இத்தனை வருஷமாகத் துக்கத்துக்கென்றே இருக்கிற இசை, ஆழமான இசை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேனே. நிஜத் துக்கம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததும் அது நடிப்பு மாதிரி இருக்கிறது. அந்தப் பாடகனுக்கு என்ன தெரியும்? எனக்குத்தான் என்ன தெரிந்திருந்தது?

முதலாளியம்மா கேட்டார்: "என்னம்மா, இன்னைக்குப் பீரோ இழுக்கலையா?"

இல்லைம்மா என்றேன்.

ஜூலை 12, சனி

ஒத்திகை. பத்து நிமிஷத்துக்கு மேல் அவனால் முடியவில்லை. இரட்டைப் பெடலை விட்டாயிற்று, வலது கையில் குச்சியை ரப்பர் வளையம் போட்டுக் கட்டியும் பார்த்தாயிற்று. பாட்டு அவனை விட்டுவிட்டு முன்னால் ஓடியது. கொக்கு வாசிப்பதை நிறுத்தினார். 

தம்பியே சொன்னான்: "வேற ஆளப் பாருங்கடா. அடுத்த மாசம் கச்சேரி இருக்குல்ல."

கொக்கு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு வெகுநேரம் ஒயரைச் சுற்றினார்.

ஜூலை 13, ஞாயிறு

தம்பி வீட்டுக்குப் போகாமல் இருந்திருக்கலாம். ஆறுதல் சொல்கிறேன் பேர்வழி என்று போனேன். "வேகம் போனா என்னடா, மெதுவா வாசிக்கிற பாட்டும் இருக்கில்ல" என்று ஒரு வார்த்தைதான் சொன்னேன்.

வெடித்துவிட்டான்.

"உனக்குச் சந்தோஷம்தானே? கடைசில என்னையும் ஆமையாக்கியாச்சு. உனக்கு இது ஒரு ருசிக்கா. வெளிய நின்னு பார்க்கிறவங்களுக்கு இழவும் ஒரு பாட்டுதான். உள்ள படுத்திருக்கிறவன்கிட்ட கேட்டியா, அவனுக்கு எந்தப் பாட்டு வேணும்னு?"

டீச்சர் சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மாள் கைக்குட்டை கொடுத்தாள்.

அவன் சொன்னது தப்பென்று அடித்துச் சொல்ல முடியவில்லை. அதுதான் சுடுகிறது.

ஆகஸ்ட் 2, சனி

பேசவில்லை. டீச்சர் மட்டும் செய்தி அனுப்புகிறாள். இடது கையும் தொடங்கிவிட்டது. சட்டைப் பொத்தான் போட்டுவிடுகிறாளாம்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

எட்டு ஜன்னலுக்கு அளவெடுத்தேன். ஒன்றும் மனதில் நிற்கவில்லை. திரும்பப் போய் அளவெடுத்துக்கொண்டு வந்தேன்.

செப்டம்பர் 6, சனி

அவனே கூப்பிட்டான். குரல் கொஞ்சம் கொழகொழவென்றிருந்தது, பல் டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்டு வந்தவன் மாதிரி.

"அக்கா. உன் ஆமைய எடுத்துட்டு வா."

போனேன். டீச்சர் பள்ளிக்கூடத்து விழாவுக்குப் போயிருந்தாள். சாய்வு நாற்காலியில் இருந்தான். அன்றைக்குப் பேசினதைப் பற்றி அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

"என் பாட்டக் கேக்க முடியலக்கா. ஒவ்வொரு அடிக்கும் கை துடிக்குது. உள்ள அடிச்சிட்டே இருக்கேன், வெளிய ஒண்ணும் அசையல. பைத்தியம் பிடிக்குது."

கொக்கு அன்றைக்குக் கொடுத்த அதே தொகுப்பைப் போட்டேன்.  எனக்கே குமட்டின பாட்டை இவனுக்குப் போடுகிறேனே என்று இருந்தது. முதல் அடி விழுந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். அடுத்த அடிக்கு முன்னால், அந்தப் பெரிய இடைவெளியில், அவனுடைய வலது தோள் மெல்ல மேலே போனதைப் பார்த்தேன். அடி விழுந்தபோது தோளும் இறங்கியது. சரியாக அதே கணத்தில்.

நாலைந்து அடி அப்படிப் போன பிறகு கண்ணைத் திறந்து சொன்னான்: "எனக்கு டைம் கொடுக்குறாங்கக்கா."

கேட்க முடியாமல் போன பாட்டு எனக்கும் திரும்பக் கிடைத்தது. முழுசாகக் கேட்டோம். முடிந்ததும், "இன்னும் இழுக்குறானுங்கக்கா" என்று அவனே சொல்லிச் சிரித்தான்.

செப்டம்பர் 28, ஞாயிறு

ஞாயிறுதோறும் கேட்கிறோம். மெக்கானிக் புத்தி, பிரித்துப் பிரித்துப் பார்க்கிறான். "வேகமா அடிக்கிறப்ப ஒரு அடி தப்பினா யாருக்கும் தெரியாது, அடுத்தது வந்து மூடிரும். இதுல ஒளிய இடமே இல்ல. ஒவ்வொரு அடிக்கும் அவன் பொறுப்பு. பயந்தவன் வாசிக்க முடியாதுக்கா இத."

நான் இத்தனை வருஷம் கேட்டதில் இது எனக்குத் தோன்றியதில்லை. நான் அந்த இடைவெளியைச் சோகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு அது வேலை.

அக்டோபர் 25, சனி

வாசிக்க வேண்டும் என்கிறான்.

கையைத் தூக்க முடியாதவன் எப்படி வாசிப்பான் என்று கேட்க வாய் வரவில்லை. அவனே வழி சொன்னான். லிஃப்ட் எப்படி ஏறுகிறது? மறுபக்கம் எதிர் எடை தொங்குகிறது. கூண்டின் பாரத்தை அது ஏற்றுக்கொள்கிறது; மோட்டாருக்குக் கொஞ்சம் வேலைதான். "என் மோட்டார் கொஞ்சம் வேலைக்கு இன்னும் தாங்கும்" என்றான்.

கடையில் மீந்த திரைச்சீலை ரெயில், இரண்டு கப்பி, திரைக்கயிறு, முழங்கை தாங்க மெத்தென்ற துணியில் ஒரு தூளி, மறுமுனையில் ஈயக் கட்டி போட்ட பை. அவன் வீட்டுக் கூரையில் கொக்கு துளை போட்டார், கீழே இருந்து தம்பி அதிகாரம் செய்தான். "கோணல்... இன்னும் கோணல்... டேய், நீ கிட்டாரே வாசி." ஈயத்தை ஒவ்வொன்றாகக் கூட்டிக் குறைத்துப் பார்த்தோம். கையின் கனத்தைவிடப் பையின் கனம் ஒரு துளி கூடுதலாக இருக்க வேண்டும். அப்போது கை தானாக மெல்ல ஏறும். கீழே கொண்டுவந்து டிரம்மில் அடிப்பது மட்டும் அவன் வேலை.

அடித்தான்.

ஒரே ஒரு அடி. மறுபடி கை ஏறுவதற்காகக் காத்திருந்தான். நாங்களும் காத்திருந்தோம். அடித்தான்.

கொக்கு சட்டைத் தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதுக்கு மேல வேகமா நானும் வாசிக்கலடா" என்றார்.

நவம்பர் 16, ஞாயிறு

டீச்சர் இன்று என்னை வாசலோடு நிறுத்திவிட்டாள்.

"உள்ள வராதீங்கக்கா. கொஞ்சம் பேசணும்."

கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு படியில் நின்றாள். பல நாளாகத் தூங்காத முகம்.

"போன ஞாயித்துக்கிழமை நீங்க போனப்புறம் அவரால கழுத்தை நிமிர்த்தி வைக்க முடியல. ஒரு வாய் உள்ள போகல. புரையேறி மூச்சு நின்னு — நான் ஒருத்திதான் இருந்தேன். அவருக்கு ஒரு நாளைக்குத் தெம்பு இவ்வளவுதான்க்கா இருக்கு. அத சாப்பிட வச்சுக்கணும், பேச வச்சுக்கணும். நீங்க வந்து எல்லாத்தையும் அந்த டிரம்ஸ்ல கொட்ட வச்சிட்டுப் போயிடுறீங்க." கதவிடுக்கில் ஒரு முறை உள்ளே பார்த்துக்கொண்டாள். "அவரை வச்சு நீங்க துக்கம் கொண்டாடுறீங்க."

  அவள் ராத்திரியும் பகலும் புரட்டிப் படுக்கவைக்கிறவள். நான் ஞாயிற்றுக்கிழமை வருகிறவள்.

திரும்பி வந்துவிட்டேன்.

நவம்பர் 23, ஞாயிறு

போகவில்லை.

நவம்பர் 30, ஞாயிறு

போகவில்லை. டீச்சர் சொன்னதில் ஒரு பாதி உண்மை. எந்தப் பாதி என்றுதான் தெரியவில்லை. கேட்பதற்கு ஆசையாக இருந்தது அவனுக்கா, எனக்கா? அவன் தோள் ஏறி இறங்குவதைப் பார்க்கும்போது எனக்கு ஒரு... சந்தோஷம் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அதுதான். அந்தச் சந்தோஷத்தைத்தான் அவள் பார்த்துவிட்டாள்.

டிசம்பர் 7, ஞாயிறு

டீச்சரே போன் செய்தாள். "வாங்கக்கா." அவ்வளவுதான்.

போனேன். அவள் டீ போட்டுக் கொடுத்தாள். அவன் பேச்சை இப்போது அவள்தான் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாதி வார்த்தைக்கு மேல் எனக்குப் பிடிபடுவதில்லை. அவன் ஏதோ சொன்னான். அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"தெம்பு எதுக்குச் சேத்து வைக்கணும், எங்க கொண்டுபோறதுக்குங்கிறார்."

பிறகு அவளாகவே: "சாப்பிட்டப்புறம் வாசிக்கட்டும். அரை மணி நேரம். கழுத்துக்கு நான் தலையணை வச்சுத் தரேன். ஆனா நான் அங்க நிக்க மாட்டேன்க்கா. என்னால அதக் கேக்க முடியாது."

சரி என்றேன். அவள் கையைப் பிடித்தேன். பிடிக்கவிட்டாள்.

ஜனவரி 17, சனி

பதிவு செய்தோம்.

கிடங்கு மாடிக்கு லிஃப்ட் கிடையாது. கொக்கும் பேஸ் கிட்டார் வாசிப்பவரும் சக்கர நாற்காலியோடு அவனைத் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். நடுப்படியில் ஏதோ சொன்னான். பின்னால் வந்த டீச்சர் மொழிபெயர்த்தாள்: "லிஃப்ட் மெக்கானிக்கைத் தூக்கிட்டுப் போறத எங்க ஆபீஸ்ல சொல்லிடாதீங்கன்னு சொல்றார்." தூக்கினவர்கள் சிரித்ததில் நாற்காலி ஆட, டீச்சர் அதட்டினாள், சின்னப் பிள்ளைகளை அதட்டுகிற அதே குரலில். அவனைச் சரியாக உட்காரவைத்து, தலையணை சொருகிவிட்டு, வெளியே படிக்கட்டில் போய் உட்கார்ந்தாள். மடியில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரைந்த படக் கட்டு. நட்சத்திரம் போட வேண்டியவை.

ரெயிலையும் கப்பியையும் முந்தின நாளே கொண்டுவந்து மாட்டியிருந்தேன். பெரிய டிரம்மைக் குப்புறப் போட்டு அவன் கைக்கு நேராக வைத்தோம். கொக்கு போட்ட மெட்டு, மூன்றே சுரம். பாட்டுக்கு வார்த்தை கிடையாது.

முதல் பாதி நன்றாகப் போனது. பிறகு ஓர் இடத்தில் கை ஏறியது, ஏறி நின்றது. இறங்கவில்லை. அவன் முகத்தில் நரம்பு புடைத்தது. கொக்கு பதறவில்லை. விரலை எடுக்காமல் அந்த ஒலியை அப்படியே பிடித்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒலி தேய்ந்தது. பேஸும் நின்றுவிட்டது. ஆம்ப்ளிஃபயரின் இரைச்சல் மட்டும். நான் மூச்சு விடவில்லை. இங்கேயே முடிந்துவிடுமோ என்று —

கை இறங்கியது.

அவ்வளவு மெல்லிய அடி. அதை எழுத எனக்கு வார்த்தை இல்லை.

முடிந்ததும் பேஸ்காரர், "அந்த இடத்த மட்டும் இன்னொரு தடவை எடுத்துக்கலாமா?" என்றார். தம்பி தலையை ஆட்டினான். வேண்டாம். என்ன சொன்னான் என்று இந்தத் தடவை எனக்கே புரிந்தது.

"அதான்டா பாட்டு."

பிப்ரவரி 22, ஞாயிறு

கை முழுக்கப் போய்விட்டது. பதிவுக்கப்புறம் அவன் வீட்டில் திரும்ப மாட்டியிருந்த ரெயிலைக் கழற்றினேன். கூரையில் நாலு துளை. அடைக்க வேண்டாம் என்று கண்ணால் சொன்னான்.

ஏப்ரல் 5, ஞாயிறு

மூச்சுக்கு முகமூடி மாட்டியிருக்கிறார்கள். இன்றைக்கு அவனுக்குப் பாட்டு வேண்டாம். டீச்சர் பள்ளிக்கூடத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு பிள்ளை யானை வரையச் சொன்னால் வால் மட்டும் வரைந்ததாம். மீதி யானை சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறதாம். அவன் கண்ணால் சிரித்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மத்தியானம் நல்லபடியாகப் போனது.

ஜூன் 9, செவ்வாய்

காலையில். டீச்சர் அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் போய்ச் சேர்வதற்குள்.

ஜூன் 27, சனி

வருகிறவர்கள் எல்லோரும் அதையேதான் சொல்கிறார்கள். கஷ்டப்படாமல் போனான். இனிமேல் நீங்கள் உங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். நாளாக ஆகச் சரியாகிவிடும். எனக்குப் பழக்கப்பட்ட அவசரம். டீச்சருக்கு இது புதிது. வந்தவர்களை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தி அதில் சாய்ந்து நின்றாள். "எல்லாருக்கும் என்னக்கா இவ்வளவு அவசரம்?" என்றாள்.

ஆகஸ்ட் 14, வெள்ளி

மறுபடி கேட்கிறேன். தினமும். கடையில், பஸ்ஸில். குமட்டவில்லை. ஆறுதலும் இல்லை. கூட யாரோ நடந்து வருகிற மாதிரி இருக்கிறது. தம்பி வாசித்த அந்தப் பதிவை மட்டும் இன்னும் போடவில்லை.

செப்டம்பர் 20, ஞாயிறு

டீச்சர் வந்திருந்தாள். முதல் தடவையாகத் தனியாக என் வீட்டுக்கு. டீ குடித்தோம். பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசினோம். சட்டென்று கேட்டாள்: "அன்னைக்கு உள்ள என்ன வாசிச்சாருன்னு நான் கேக்கவே இல்லியேக்கா. போடுங்க."

போட்டேன். கையைக் கோத்து மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சை எழுத வந்தவள் மாதிரி நேராக உட்கார்ந்து கேட்டாள். கை நின்றுபோன அந்த இடத்தைப் பற்றி அவளுக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் அது வந்தபோது தலையணையை எடுத்துவைக்கப் போகிறவள் மாதிரி பாதி எழுந்துவிட்டாள். அடி விழுந்த பிறகுதான் உட்கார்ந்தாள்.

முடிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்குப் பிடிக்கலக்கா. தப்பா நினைச்சுக்காதீங்க. எனக்குத்தான் இதெல்லாம் பக்கத்துல இருந்தே தெரியுமே. இத இன்னொரு தடவை என்னால கேக்க முடியாது."

"வேண்டாம்மா."

"அவரோட பழைய பாட்டு இருக்கா? கல்யாணத்துக்கு முன்னாடி வாசிச்சது?"

இருந்தது. அவனுக்கு இருபத்துநாலு வயசில் குழுவாக முதன்முதலில் பதிவு செய்தது. அவன் அதைக் கொண்டுவந்து கொடுத்த அன்றைக்கு ஒரு தடவை கேட்டுவிட்டு, இரைச்சலைத் தவிர ஒன்றும் இல்லையே என்று அவன் முகத்துக்கு நேராகச் சொன்னது ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு கேட்டதில்லை. அவள்தான் ஒலியைக் கூட்டச் சொன்னாள். கூட்டினேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

இரண்டு கை, இரண்டு கால். ஒரு சதை பாக்கியில்லாமல் முழு உடம்பும் ஓடுகிறது. நான் எப்போதும் தேடுகிற அந்த இடைவெளி இதில் எங்குமே இல்லை. அது அவனுக்குத் தேவைப்படவில்லை. அடித்தால் கை தானாக எழுந்துவிடும் என்று நம்புகிறவனின் அடி. இதற்கு ஆழம் இல்லை என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். என்னால் உட்கார முடியவில்லை. மூன்று நிமிஷம்தான் பாட்டு.

டீச்சர் அழுதுகொண்டே சிரித்தாள். "எவ்வளவு அவசரம் பாருங்க அவருக்கு."

மறுபடி போடச் சொன்னாள். போட்டேன்.